பதின்மூன்று நனோகிராம்

கொழும்புக்குப் போன இரத்தம்
ஒன்பது நாள் கழித்துத் தாளாய்த் திரும்பியது:
கஜந்தினி, வயது முப்பத்தொன்று,
விற்றமின் டி பதின்மூன்று.
முப்பதாவது இருக்கவேணும்.

கிளிநொச்சியில வெயிலுக்கோ மிஸ் பஞ்சம்?
சிரித்தாள்.
போசாக்குக் கிளினிக்கின் ஒற்றை யன்னலுக்கு வெளியே
ஏ-ஒன்பது வீதி தார் இளகிக் கிடந்தது.
சைக்கிள் சீற்றுக்குத் துணி போட்டுவிட்டுத்தான்
ஆட்கள் உள்ளே வருகிறார்கள்.
இந்த ஊரில் சூரியனுக்கு
எவரும் துண்டு எழுதியதில்லை.

பிறகு கணக்குப் பார்த்தோம்.
ஐந்தேகாலுக்குத் தருமபுரச் சந்தியில் கொம்பனி பஸ்.
கறுப்புக் கண்ணாடி.
கண்ணாடி புகுந்து வரும் வெயில்
வியர்வை தரும், மருந்து தராது.
ஆறரைக்குத் தையல் மெசின்.
ஒரு நாளைக்கு அறுநூறு கொலர்,
பனி கொட்டும் ஏதோ தேசத்துக் கழுத்துகளுக்கு.
இறங்கும்போது சந்தியில் லைற் எரியும்.
ஞாயிறு?
ஞாயிறும் ஓவர்டைம், மிஸ்.
அவன் பெயரையே வைத்த நாளில்கூட
அவனை அவள் காண்பதில்லை.

குந்தினால் எழும்ப ஏலாது என்றுதான் வந்தவள்.
தொடை சோர்ந்து,
எலும்புக்குள்ளே யாரோ ஈரத்துணி முறுக்குவதுபோல நோவு.
கள்ளவேலை என்றார் சுப்பவைசர்.
மாமி
புதூர் நாகதம்பிரானுக்கு நேர்ந்து வைத்தாள்.

நாகமும் குறைவுதான்.
இது வேறு நாகம்:
பத்தாம் வகுப்பு அட்டவணையில்
முப்பதாம் இலக்க வீட்டில் குடியிருக்கும் உலோகம்.
காயம் ஆறவும்
நாக்கில் புளி புளிக்கவும்
அதில் கடுகளவு போதும்.
நண்டு, எள்ளு, கச்சான், பயறு
என்று எழுதத் தொடங்கினேன்.
நண்டு கிலோ என்ன விலை, தெரியுமோ?
தெரியும். வெட்டிவிட்டு
எள்ளின் கீழே இரண்டு கோடு போட்டேன்.

எக்ஸ்ரேயில் இன்னொன்று.
இடுப்பெலும்பின் ஓரம்
நகத்தளவு வெள்ளை.
அது பழசு, மாத்தளன். கதைக்காது, என்றாள்.
அப்போதுதான் நான்
இரும்புச்சத்துக் குறைவு என்ற வரியில் நின்றேன்.
பேனை கொஞ்ச நேரம் நகரவில்லை.
உள்ளே இரும்பு இருக்க
வெளியே இருந்து இரும்பு மாத்திரை.
உடம்பு அதைத் தொடவில்லை,
சுற்றி மதில் கட்டி வைத்திருக்கிறது இத்தனை வருசம்.
உண்ணத் தந்தது எது, எறிந்தது எது என்று
அதற்குத் தெரியும்.

டொக்டர் எழுதினது மூன்று வரி.
கிழமைக்கு ஒரு குளிசை.
கல்சியம், இரவில்.
பத்து மணிக்குப் பிறகு இருபது நிமிடம் வெயில்.
மூன்றாவது மட்டும்
மருந்துக் கவுண்டரில் இல்லை.
கொம்பனிக்கு ஒரு கடிதம் அடித்துச் சீல் குத்தினேன்.

அடுத்த மாதம் கதை சொன்னாள்.
தேத்தண்ணி இடைவேளைக்கு
ஜெனரேற்றருக்குப் பின்னால், சுவரோரம்,
கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு
முதல் நாள் தனிய.
இப்ப ஏழு பேர்.
றிஸ்வானா காலுறையைக் கழற்றிப்
பாதம் இரண்டையும் நீட்டிக்கொண்டு இருப்பாளாம்.
என்ன, ஸ்ரைக்கோ? என்று ஓடிவந்தவரிடம்
இல்லை சேர், மருந்து குடிக்கிறம்.

எழும்பிக் காட்டு என்றேன்.
கதிரையைப் பிடித்துத்தான். ஆனால் ஒரு கையால்.

என்னுடையதையும் அனுப்பியிருந்தேன், சும்மா ஒரு பம்பலுக்கு.
பதினொன்று.

இன்று பத்தே காலுக்கு
வாட்டுச் சீலைகள் காயும் பின்முற்றத்தில் நிற்கிறேன்.
டயலிசிஸ் முடித்த நெடுங்கேணிக் கமக்காரர் ஒருவர்
முன்பே வந்து குந்தியிருக்கிறார்.
நாற்பது போகம் வெயில் குடித்த தோல்.
தோல் தொடங்கி ஈரல் தொடர்ந்து
சிறுநீரகம் முடித்துவைக்கும் வேலை அது.
அவருக்குச் சூரியன்
கடைசிப் படியில் நின்றுவிடுகிறது.
அது அவருக்கும் தெரியும்.
என்றாலும் வருகிறார்.

இஞ்சால தள்ளி நில்லுங்கோ பிள்ளை,
அங்கை நிழல் வருது.