சிறப்பு மலருக்கு அரைப் பக்கம்

மலர்க்குழு அரைப் பக்கம்தான் கொடுத்திருக்கிறது.
மீதிப் பாதியில் சிமெண்டு விளம்பரம்.

சோலைமுத்து த/பெ பெரியண்ணன்.
பீடோங். கம்பி கட்டும் தொழிலாளி.
இருபத்திரண்டு வருடம் கிளைத் தலைவர்.

எழுத உட்கார்ந்தால்
எனக்கு முதலில் வருவது அவர் இடுப்புக் குறடு.
அமைச்சரைப் பார்க்கப் போன அன்றும்
கழற்ற மறந்து,
காவலாளி வாங்கி வைத்துக்கொண்ட குறடு.
"துப்பாக்கிக்குக்கூட இத்தனை கேள்வி இருக்காதுய்யா"
திரும்பி வரும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார்.

எஸ்டேட்டைத் துண்டுபோட்டு விற்றார்கள்.
பால்மரம் நின்ற இடத்தில் கடைவீடுகள் எழும்பின.
பால் வெட்டிய கைகள் கல் சுமந்தன.
மூன்றாம் மாடிச் சாரம் சரிந்து
நாகரத்தினமும் எத்திராஜும் விழுந்தது மதியம்.
காண்ட்ராக்டர் நல்லவர்,
அன்றைய கூலியைக் கையோடு கொடுத்துவிட்டார்.
அரை நாள் கூலி.

அந்த அரை நாளில் தொடங்கியதுதான் சங்கம்.
முடிவெட்டும் கடைக்குப் பின்னால்
பதினேழு பேர், ஒரே பேனா.

பதினொரு நாள் வேலைநிறுத்தம்,
தலைக்கவசம், மழைநாள் கூலி எல்லாம்
மலரில் வந்துவிடும்.
வராதது ஒன்று:
ஒன்பதாம் நாள் அரிசி தீர்ந்து
என் மனைவி அவர் வாசலில் நின்று
தெருவே கேட்கத் திட்டிவிட்டு வந்தாள்.
மறுநாள் பேச்சுவார்த்தையில்
அந்த வசவைச் சொல்லுக்குச் சொல்
காண்ட்ராக்டரிடம் ஒப்பித்தார்.

பிறகு வங்காளதேசத்துப் பையன்கள் வந்தார்கள்,
பாதிக் கூலிக்குப் பலகை சுமந்தார்கள்.
விரட்டு என்றோம். நானும் கை தூக்கினேன்.
உறுப்பினர் படிவக் கட்டோடு
கொங்சிக்குள் நுழைந்துவிட்டார் மனிதர்.
ரசீது எண் 1140, ரஃபீக்குல்.
"பாதிக்கு அவன் கிடைக்கிற வரைக்கும்
முழுசா உனக்கு எவன் தருவான்?"

அந்த வருடத் தேர்தலில் பதினான்கு ஓட்டு வித்தியாசம்.
சாவியை மேசையில் வைத்தார்.
மறுநாள் விடியுமுன் குறடோடு லோரியில் ஏறினார்.

நேற்று, லிப்ட் இல்லாத ஐந்தாம் மாடி ஏறிப்போய்
எழுதியதை வாசித்துக் காட்டினேன்.
'ஓய்வு பெற்றார்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.
விளக்குமாற்றுக் கட்டையால்
தலைக்கு மேல் உத்திரத்தைத் தட்டினார்.
"இதுக்குள்ள எட்டுக் கம்பி. நான் கட்டினது.
பூசிட்டா கண்ணுக்குத் தெரியாது.
அதுக்காக இல்லைன்னு எழுதுவியா?
தோத்தான்னு போடு.
எத்தனை ஓட்டுன்னும் போடு."

போட்டேன்.

எதிராக விழுந்ததில் ஒன்று என்னுடையது.
அவருக்குத் தெரியுமா என்று
இறங்கும்போது
ஒவ்வொரு மாடியிலும் நின்று யோசித்தேன்.
அரைப் பக்கம் நிரம்பிவிட்டது.