ஒரே நொடியில் இரண்டு எடை

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை, எடைமேடை.
ஜூலை ஒன்று, கிழக்கு வெளுக்கும் நேரம்.
கிளிமூக்குப் பழம் ஏற்றிய ஒரு லாரிக்கு
என் நிரல் இரண்டு எடை எழுதியிருந்தது.

பதினாறாயிரத்து நானூற்று அறுபது கிலோ.
பதினாறாயிரத்து நானூற்றுப் பத்து கிலோ.
இரண்டுக்கும் நேரம் ஒன்றே,
8800 என்று முடிகிற
அதே பத்து இலக்க எண்.

ஆடிட்டர் கஜபதி சிவப்பில் வட்டம் போட்டார்.
"ஒரே நொடியில
அம்பது கிலோ எங்கம்மா போச்சு?"

மூலப் பதிவைத் திறந்தேன்.
செயற்கைக்கோள் சொன்ன நேரம்
மாறாமல் அப்படியே கிடந்தது:
05:29:59
05:29:60
05:30:00

அறுபது.
ஐம்பத்தொன்பதுக்கு அடுத்து, முறையாக, அறுபது.
என் நிரலுக்கு அது தெரியாது.
கூட்டல் கணக்கில் மிச்சம் பிடிப்பதுபோல்
அறுபதைப் பூஜ்யமாக்கி
அடுத்த நிமிடத்தின் தலையில் ஏற்றிவிட்டது.
அங்கே ஏற்கெனவே ஒரு நொடி உட்கார்ந்திருந்தது.

பூமி சுற்றுவதில் கொஞ்சம் அசந்துவிட்டது சார்,
கடிகாரம் அதற்காக ஒரு நொடி நின்று வந்தது,
எழுபத்திரண்டிலிருந்து இது இருபத்தாறாவது முறை,
கிரீன்விச்சில் நள்ளிரவு என்றால்
நமக்கு அஞ்சரை, பால்வண்டி வருகிற நேரம்
என்றேன்.
கஜபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பூமி அசந்தா பழம் குறையுமா?"

குறையாது.
டிரைவர் சனாவுல்லாவுக்கு போன் போட்டேன்.
"அதுவா, நம்ம கிளீனர் மல்லேஷுதான்.
அடக்க முடியலன்னு
வண்டி மேடையில நிக்கும்போதே குதிச்சான்."
மல்லேஷ் எத்தனை கிலோ?
"இருந்தா அம்பது. சாப்பிட்டா அம்பத்தொண்ணு."

இரவு உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன்.
இருபத்தாறு வரியில் ஓர் அட்டவணை.
பழைய பதிவை மறுபடி ஓட்டினேன்.
அறுபது இந்த முறை அறுபதாகவே நின்றது.
அதற்குள் மல்லேஷ் குதித்து முடித்திருந்தான்.

அறிக்கையில் கையெழுத்துப் போடப் போனபோது
காலி வண்டியின் சீட்டு கண்ணில் பட்டது.
பழம் இறக்கியபின் எடுத்த எடை.
அப்போது மல்லேஷ் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தான்
என்று சனாவுல்லா சொன்னது நினைவுக்கு வந்தது.

நிறைவண்டிக்கு எடுத்துக்கொண்டது இரண்டாவது எடை,
அவன் இல்லாத எடை.
காலி வண்டியில் அவன் இருக்கிறான்.
கழித்தால்
மல்லேஷின் ஐம்பது கிலோவும் போனது
வேப்பனஹள்ளி திம்மராயன் கணக்கிலிருந்து.
கிலோ ஏழு ரூபாய்.

இதை யாரும் கேட்கவில்லை.
"அது சாஃப்ட்வேர் தப்பு இல்லையேம்மா" என்றார் கஜபதி.
இல்லைதான் சார்.

முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வவுச்சர் எழுதினேன்.
எடை எடுத்த தேதி கேட்டது, எழுதினேன்.
நேரம் கேட்டது.
05:29:60
காகிதம் ஒன்றும் சொல்லவில்லை.