வில்லங்கச் சான்று

"தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சிடுவேன்"
என்றார் மேலதிகாரி. அடித்தும் விட்டார்.
தொண்டி, சார்பதிவாளர் அலுவலகம், இளநிலை உதவியாளர்.
மாயவரத்தில் பஸ் ஏறுகையில்
ஈரக் கைக்குட்டையில் சுற்றிய மணிபிளான்ட் தண்டு ஒன்றை
டிபன் பாக்ஸ் மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன்.

தொட்டியில் நட்டது முதல்
காலையில் ஒரு சொம்பு,
அலுவலகம் விட்டு வந்ததும் ஒரு சொம்பு,
இரவில் காற்று சன்னலை உலுக்கினால்
எழுந்து போய் இன்னும் கொஞ்சம்.
குடம் பன்னிரண்டு ரூபாய். பரவாயில்லை.

மூன்றாம் மாதம்
கறுப்பாய், கடுகைக் கிள்ளியது போல்,
மூக்கருகே, டிவி வெளிச்சத்தில், சோற்றில்.

கொசு என்றுதான் முதலில் சுருள் கொளுத்தினேன்.
இருமல் எனக்கு வந்தது.
பிறகு கீழ்வீட்டு ரோஸ்லின் காயப்போட்ட
வாளைக் கருவாட்டின் மேல் பழி போட்டேன்.
"கருவாட்டுக்கு வர்ற ஈ பச்சையா மினுங்கும்க்கா.
இது என் வீட்ல ஒண்ணுகூட இல்லியே" என்றாள்.
அவள் சண்டைக்கு வராதது கஷ்டமாக இருந்தது.

பழ ஈயாக இருக்குமோ?
டம்ளரில் வினிகர், அதில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு.
விடிந்து பார்த்தால் மூழ்கியவை இரண்டே இரண்டு.
மற்றவை விளிம்பில் உலாத்திக்கொண்டிருந்தன.
இலையைத் தட்டினேன்.
வெள்ளைப் பொடி எதுவும் பறக்கவில்லை;
ஆக வெள்ளை ஈயும் அல்ல.
மண்ணைத் தட்டினேன்.
எழுந்தன.

பெருவிரல் ரேகை பார்க்கும் உருப்பெருக்கியை
வெள்ளிக்கிழமை கைப்பையில் போட்டு வந்தேன்
(அரசு உடைமை; திங்கள் காலை திருப்பி வைத்தாயிற்று).
செத்த ஒன்றை வெள்ளைத் தாளில் கிடத்திப் பார்த்தால்
நீளக் கால், மணி கோத்தது போல் உணர்கொம்பு,
சிறகில் கவட்டையாய்ப் பிரியும் ஒற்றை நரம்பு.
யாருடைய ரேகை என்று தெரிந்துவிட்டது.
ஈரமண்ணின் பூசணம் தின்று வளர்கிற ஈ.

உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்மேல் கவிழ்த்தேன்.
மறுநாள் அதன் அடியில்
கண்ணாடி நூல் போல, கருந்தலையோடு,
பதினேழு புழுக்கள்.

தண்ணியில்லாக் காட்டில்
தண்ணீர் மிஞ்சிப்போன ஒரே இடம்
என் தொட்டி.
இதை மேலதிகாரிக்கு எந்தப் படிவத்தில் தெரிவிப்பது?

சொம்பை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன்.
மஞ்சள் கோப்பு அட்டையை நறுக்கி விளக்கெண்ணெய் தடவி
தென்னங்குச்சியில் சொருகி நட்டேன்.
மூன்றே நாளில் அட்டை முழுக்கச் சுருக்கொப்பம்.

மண்மேல் ஒரு விரலளவு மணல் பரப்பினால்
முட்டையிட இடம் கிடைக்காது.
கடல் இருநூறு அடியில் கிடக்கிறது, மணலுக்கா பஞ்சம்?
அள்ளி வந்து நாக்கில் வைத்தேன். உப்பு.
ஆறு முறை அலசினேன்.
தண்ணீர் வண்டி நம்புவேல்
"மண்ணையா கழுவுறீங்க?" என்று கேட்டுவிட்டு
அடுத்த குடத்தை இறக்கும் வரை
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேப்பம்புண்ணாக்கு ஊறிய நீரும் ஊற்றினேன்.
அன்று மாலை ரோஸ்லின் மாடியேறி வந்தாள்,
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு:
"என்னக்கா, எதுவும் செத்துக்கித்துப் போச்சா?"

இருபத்திரண்டாம் நாள் ஓர் இலை தொய்ந்தது.
கை தானாக அலமாரிக்கு மேலே போயிற்று.
மறு கையின் விரலை மண்ணில் விட்டேன்.
இரண்டாவது கணுவில் லேசான குளிர்ச்சி.
சொம்பு அங்கேயே இருக்கட்டும்.

நேற்று நம்புதாளை மனை ஒன்றுக்கு
பதின்மூன்று ஆண்டுப் பதிவுகளைப் புரட்டி முடித்து
வில்லங்கம் ஏதுமில்லை என்று அச்செடுத்துக்
கையொப்பத்துக்கு நீட்டினேன்.
தாளின் ஓரத்தில், சர்வே எண்ணுக்குக் கீழே,
நடந்துகொண்டிருந்தது ஒன்று.
என் சேலையில் தொற்றி வந்திருக்கும்.

ஊதினேன்.
சன்னல் வழியாகக் கடல் பக்கம் போனது.
மனுதாரர் எதையும் கவனிக்கவில்லை.