மூன்றேகால்

விடியுமுன் வண்டியை மறிப்பது என் வேலை.
மெரிமாக் ஆற்றுப் பாலத்தின் இறக்கத்தில்
குதிரையின் மூச்சு புகையாய்த் தெரிந்ததும்
கையை உயர்த்துவேன்.
பால்காரர் பிரெஞ்சில் திட்டுவார்
எனக்குப் புரியாதென்று.
பன்னிரண்டு வருடமாயிற்று. புரியும்.

கேனைக் கலக்கி, அடிவரை கரண்டி விட்டு,
ஒரு புட்டி நகரத்துக்கு
ஒரு புட்டி அவருக்கு.
இரண்டுக்கும் அரக்கு முத்திரை.

சுகாதார வாரியத்தின் நிலவறையில்
மிஸ் இடெல்லா க்ரோவெல்
கந்தக அமிலத்தைக் குடுவையின் ஓரமாகச் சரிப்பாள்.
பால் காப்பி நிறமாகும், கண்ணாடி கையைச் சுடும்.
எந்திரத்தின் கைப்பிடியை ஐந்து நிமிடம் சுற்றுவாள்.
வெந்நீர் விட்டால் கழுத்துக் குழாயில் ஏறி நிற்கும்
நகத்தளவு மஞ்சள் கொழுப்பு.
கோடுகளை எண்ணுவாள்.
நூற்றுக்கு மூன்றேகால் இருந்தால்
மனிதன் யோக்கியன்.

கிரீமுக்கு வேறு பரீட்சை.
எந்தத் துறைமுகத்திலிருந்தோ வந்த கிழங்கை அரைத்துத் தோய்த்த
மஞ்சள் காகிதம்.
போராக்ஸ் கலந்த துளி அதில் உலர்ந்தால் சிவக்கும்.
நாலு நாள் பழையதை இன்றையதென்று விற்றவன்
முகத்தில் வராத வெட்கம்
காகிதத்தில் வரும்.

ஆகஸ்டில்
ஆலைத் தெருக்களின் தச்சருக்கு ஓய்வில்லை.
எல்லாம் சின்னப் பெட்டிகள்.
வெளுத்ததெல்லாம் பாலென்று நம்ப
எனக்குச் சம்பளம் தரவில்லை யாரும்.

ஹைரம் பிளாட்ஜெட்டின் பால்
மூன்றில் நின்றது.
மறுவாரமும் மூன்று.
தண்ணீர் என்றேன். இல்லை என்றார்.
எல்லோரும் சொல்வதுதான்.
வந்து பாரும் என்றார்.
அதை யாரும் சொன்னதில்லை.

பதினொரு மைல் பனியில் போனேன்.
கைகளைக் கோட்டுப் பையில் புதைத்துக்கொண்டு
தொழுவத்துக்கு வெளியே நின்றார், நான் சந்தேகப்படாதிருக்க.
மருமகள் கறந்தாள்.
வாளியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்,
கிணற்றடிக்குப் போனேன்.
பம்பு உறைந்து கிடந்தது,
கலக்க நினைத்தாலும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஒன்பது மாடுகள், கறுப்பும் வெள்ளையும்.
முத்திரை வைத்தேன்.
மிஸ் இடெல்லா இரண்டு முறை சுற்றினாள்.
மூன்று.
நாலு காலும் உள்ள மாட்டுக்கு
ஒரு கால் குறைச்சல்.

சட்டப் புத்தகத்தில் மாட்டுக்கு விலக்கு இல்லை.
நான் பார்த்ததை நீதிபதியிடம் சொன்னேன்.
பார்த்ததைக் கேட்கவில்லை, எண்ணைக் கேட்டார்.
'அப்படியானால் சம்மன் தொழுவத்துக்கல்லவா போயிருக்க வேண்டும்?'
என்றார் பிளாட்ஜெட்.
சிரித்தார்கள்.
இருபது டாலர்.

அதே வாரம்
செஃபிரென் கோதெத்தின் வண்டி.
முப்பது பண்ணைப் பாலை ஒரே தொட்டியில் விடுகிறவர்.
கொழுத்ததில் எடுத்து, மெலிந்ததில் சேர்த்து,
மிச்சத்தைக் கிரீமாக விற்கிறவர்.
திங்கள் மூன்றேகால்.
வியாழன் மூன்றேகால்.
எந்த மாடும் அப்படிக் கறக்காது,
மேய்ந்த புல்லும் பிறந்த கன்றும் அதற்குள் ஏறி இறங்கும்.
அவர் பால் மட்டும் கோட்டிலேயே நிற்கும்
பயிற்சி பெற்ற சிப்பாய் மாதிரி.
நல்ல பால் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அன்றைக்கு அவர் திட்டவில்லை.

பிளாட்ஜெட் அபராதத்தைச் சில்லறையாக எண்ணி வைத்தார்.
அரக்கு உடையாத தன் பங்குப் புட்டியை
என் மேசையில் வைத்துவிட்டு
தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

இன்னும் எறியவில்லை நான்.
புளித்துப் பிரிந்து
கீழே கட்டி வெள்ளை,
மேலே இரண்டு விரல் தெளிந்த நீர்.

அந்த நீரை
யாரும் ஊற்றவில்லை.