ஆயிரத்து எழுநூற்று எண்பது, மாலை ஐந்து மணி வரை

சீட்டைக் கிழித்தபடி சொன்னான் வாசல்காரன்:
"பாலம் தாண்டினால் ஆயிரத்து எழுநூற்று எண்பது.
கழிப்பறை மட்டும் இந்த நூற்றாண்டு."

நியூ பிரன்ஸ்விக்கின் உப்புச் சதுப்பு.
முளைக்கம்புகள் மேல் வைக்கோல் போர்கள்,
பாவாடையைத் தூக்கிக்கொண்டு
சேற்றில் இறங்கத் தயங்கும் பெண்கள் மாதிரி.

ரொட்டி வீட்டில் ஓதீல் கொமோ.
மரச்செருப்பு, வெள்ளைத் தொப்பி, முழங்கை வரை மாவு.
படம் எடுக்கலாமா என்று கைபேசியை நீட்டினேன்.
"கறுப்புக் கண்ணாடி ஐயா,
இதில் முகமே தெரியவில்லையே" என்றாள்.
சிரிக்கவில்லை. சம்பளமே அதற்குத்தான்.

ரொட்டி ஒன்பது டாலர்.
வெண்ணெய்த் தாழியின் மூடியைத் திறந்தாள்;
உள்ளே கார்டு தேய்க்கும் எந்திரம்.
தொட்டதும் கீச்சென்றது.
"எலி" என்றாள்.

சத்திரத்தில் மதியச் சாப்பாடு:
துருவிய உருளைக்கிழங்குக்குள் பன்றிக்கறி பொதிந்து
மூன்று மணி நேரம் வேகவைத்த உருண்டை,
சாம்பல் நிறம், வழுக்கல்.
முதல் வாய் தயக்கம். இரண்டாவது வாய் பசி.
பக்கத்து மேசைப் பையன் கெட்ச்சப் கேட்டான்.
"தக்காளியா? விஷமாயிற்றே தம்பி!" என்று பதறிய பரிமாறுகிறவர்
யாரும் பார்க்காதபோது
சட்டைக் கைக்குள்ளிருந்து இரண்டு பொட்டலம் நழுவவிட்டார்.

கழிப்பறைக்கு வழி தவறி
ரொட்டி வீட்டின் பின்புறம் போய்விட்டேன்.
விறகு அடுக்கின் மறைவில் ஓதீல்.
காதில் கறுப்புக் கண்ணாடி.
என் அரைகுறை பிரெஞ்சுக்கு எட்டியது இவ்வளவுதான்:
"ஆல்பர்ட்டா முழுக்கப் புகையா?
விமானம் இல்லையா, இன்றைக்கும்?
அவளுக்குப் பல் விழுந்துவிட்டது.
ஆமாம், முன்பல்.
டப்பியில் வைத்திருக்கிறேன், நீ வந்து பார்."

திரும்பியவள் என்னைக் கண்டாள்.
எந்த நூற்றாண்டிலிருந்து பேசுவது என்று
ஒரு கணம் தடுமாறிய முகம்.
பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு,
"வீட்டுக்காரர் தொலைதூரம் போயிருக்கிறார், ஐயா."
"எப்போது வருவார்?"
"காற்று திரும்பட்டும்."

அதற்குள் அடுப்பிலிருந்து கரிந்த வாடை.
ஓடினாள், செருப்பு தடதடக்க.
அந்தப் பாட்டையில் ஒன்பது ரொட்டி, ஒன்பதும் அடி தீய்ந்தவை.
கரி குறைந்த ஒன்றைத் தேடி எடுத்து
துணியில் சுற்றி என்னிடம் தந்தாள்.
வாங்கிக்கொண்டு நின்றேன், தாழியைப் பார்த்தபடி.

இந்த முறை எலி கத்தவில்லை.