முழங்காலுக்கு ஒன்றுமில்லை

நோகாத காலில் இருந்துதான் தொடங்குவேன்.
நோகும் கால் சொல்வது விளங்க
அதன் ஜோடி பேசும் விதம்
முதலில் என் கைக்குத் தெரிய வேண்டும்.

ரொசாமெல் பாரியா, ஐம்பத்தெட்டு,
ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்.
மெகல்லன் நீரிணைக்கு அக்கரை, போர்வெனிரிலிருந்து
புன்டா அரேனாஸுக்கு முதல் படகில் வந்தவர்.
உருட்டிவிட்ட கால்சட்டையில் கம்பளி நெய் வாசம்.
"வலது முழங்கால் கழன்றுவிடுகிறது" என்றார்,
"கதவுக் கீல் மாதிரி."

சரி, கீலைப் பார்ப்போம்.

முப்பது பாகை மடக்கி
கணுக்காலை அக்குளில் இடுக்கி
வெளிப்பக்கம் உள்ளங்கை கொடுத்து
உள்நோக்கித் தள்ளுகிறேன்.
மூட்டு வாய் திறக்கிறதா என்று
விரல் நுனி காத்திருக்கிறது.
ஒரு நாணயத் தடிமன்கூட இல்லை.
சேணத்து வார் இழுபட்டு நிற்பதுபோல் நிற்கிறது.
அந்த நிற்றலுக்கு ஒரு ருசி உண்டு,
இருபது வருடமாக என் கை அறிந்த ருசி.
தொடையைப் பற்றிக்கொண்டு
கீழ்க்காலை முன்னுக்கு இழுத்தால்
நாய்ச்சங்கிலி முடிந்த இடம்போல் டக்.

"இன்னும் அழுத்துங்கள் டாக்டர், நோகட்டும்."
நான் டாக்டர் இல்லை. அழுத்தினேன்.
வெளியே காற்று தன் பங்குக்குத்
தகரக் கூரையைச் சோதித்துக்கொண்டிருந்தது,
எந்த ஆணி தளர்ந்திருக்கிறதென்று.

சுத்தியலை எடுத்தது வெறும் பழக்கம்.
படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால்
மேலாளர் யெர்க்கா முகம் சுளிப்பாள்.

தட்டினேன்.
கால் என் மோவாய்க்கு வந்தது.
இடதும்.
நோகாத கால்,
நான் அளவுகோலாக வைத்திருந்த கால்.

பாதத்தைச் சட்டென்று மேலே மடக்கிப் பிடித்தேன்.
கைக்குள் அடித்துக்கொண்டது
நான்கு, ஐந்து, ஆறு,
பொறியை அணைத்த பின்னும்
பிடியில் மிச்சமிருக்கும் அதிர்வு.
"குளிர்" என்று சிரித்தார்.
அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

காம்பின் முனையால்
குதிகால் தொட்டு, பாதத்தின் வெளியோரமாக
மெல்ல ஒரு கோடு.
கட்டைவிரல் மேலே எழுந்தது.
நடை வராத குழந்தைகளுக்கு அப்படி எழும்.
நடந்ததும் விரல் அதை மறந்துவிடும்.
இத்தனை வயதில்
அதற்கு எதற்கு இப்போது ஞாபகம்?

"கண்ணை மூடுங்கள். பஞ்சு பட்டதும் சொல்லுங்கள்."
ம். ம். ம்.
அப்புறம் ஒன்றுமில்லை.
பஞ்சு அவர் கைச் சுண்டுவிரல் ஓரத்தில்தான் இருந்தது.
அந்தக் கையின் நடுவிரல் நகத்தைச் சுண்டினேன்.
கட்டைவிரல் தலை குனிந்தது.

"சட்டைக்குப் பொத்தான் போட முடிகிறதா?"
"பொத்தான் எதற்கு? நான் கம்பளிதான் மாட்டிக்கொள்கிறேன்."
"எப்போதிலிருந்து?"
யோசித்தார். யோசிக்க யோசிக்க
சிரிப்பு ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது.
"போன குளிருக்கு."
பிறகு நான் கேட்காமலே:
நாளுக்கு நூற்றெண்பது ஆடு கத்தரித்த கை,
இந்தப் பருவம் தொண்ணூறு.
ஆடுகள்தான் முன்போல அடங்குவதில்லை
என்று நினைத்திருக்கிறார்.

"முழங்காலுக்கு ஒன்றுமில்லை" என்றேன்.
நல்ல செய்தியை இவ்வளவு மெதுவாக
நான் சொன்னதில்லை.
"அப்போது நான் பொய் சொல்கிறேனா?"
"இல்லை. கால் சரியாகத்தான் சொல்கிறது.
சொல்லி அனுப்பிய இடம் மேலே."
என் கை தன்னாலே என் கழுத்துக்குப் போனது.
"அங்கே எனக்கு வலியே இல்லையே!"
"தெரியும்."

மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினேன்.
இன்றே என்ற சொல்லுக்கு இரண்டு கோடு.
வழியில் எந்த எலும்பு நீவுகிறவனிடமும்
கழுத்தைக் கொடுக்க வேண்டாம்,
அதை மட்டும் மூன்று தரம் வாயால் சொன்னேன்.
மாலைப் படகைக் காற்று நிறுத்திவிட்டதாக வானொலி.
அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்ட வெகுநேரம் ஆயிற்று.
அதுவரை நான் படிவத்தையே படித்துக்கொண்டிருந்தேன்.

இரவு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
வீட்டுச் சாவியை என் பாதத்தில் இழுத்துப் பார்த்தேன்.
தன்னைத் தானே சோதிப்பது சோதனையில் சேராது,
மாணவர்களுக்கு நானே சொல்வதுதான்.
எந்தக் காலில் தொடங்குவதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம்
சாவியும் கையுமாக இருந்தேன்.