விமானம் போகும்வரை

நான் இருந்தது குரோட்டன்ஸ் புதருக்குப் பின்னால்.
கையில் பிரதி, பல்லிடுக்கில் பேனா டார்ச்,
முழங்காலெல்லாம் கொசு.
நாடகத்தில் எனக்கு வேடம் கிடையாது,
யாராவது மறந்தால்தான் நான் உண்டு.

பரங்கிமலை அடிவாரம், பள்ளிக்கூட மைதானம்.
அக்கினி நட்சத்திரத்தின் பதினோராம் நாள்.
ஆறரைக்கும் சிமெண்ட் பெஞ்சு சுட்டது.
உட்கார்ந்தவர்கள் துள்ளி எழுந்து
துண்டை நனைத்து விரித்து
மறுபடி உட்கார்ந்தார்கள்.
கடற்காற்று கிண்டி தாண்டிவிட்டதாம்,
அடுத்து இங்கேதான் என்றார் ஒருவர்,
மின்சார ரயிலைச் சொல்வதுபோல.

கதை பழசு, பல தேசம் சுற்றி வந்தது:
காதலே வேண்டாமென்று சபதமெடுத்த இருவர்,
வாசல் மாறிப் போகும் ஒரு கடிதம்,
நடுவில் காது கேளாத மாமா.
முடிவு தெரிந்தும் வந்திருந்தார்கள்
முந்நூறு பேர், சுண்டல் பொட்டலத்தோடு.

எங்களுக்கு ஒரே ஒரு விதி.
விமானம் வந்தால் அப்படியே உறைந்து நில்.
அடிக்க ஓங்கின கையானாலும் சரி,
விழப்போகிற மாமாவானாலும் சரி.
சக்கரம் தெரியத் தாழ்ந்து அது கடந்தபின்
விட்ட சொல்லிலிருந்து தொடங்கு.

இரண்டாம் காட்சியில் விளக்கெல்லாம் போனது.
மாமா வேடம் குலோத்துங்கன், மின்வாரிய லைன்மேன்.
கூட்டம் மொத்தமும் அவரைத்தான் பார்த்தது.
ஜரிகை அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
கம்பத்தில் ஏறினார்.
அன்று மாலையின் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

பிரிசில்லா பழவந்தாங்கல் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள்.
சில்லறை கேட்டுக் கேட்டுக் கூர்மையான குரல்.
சண்டைக்காரி வேடத்துக்கு ஒத்திகையே தேவையில்லை.
தணிகைவேல் வண்டிகளுக்குக் காப்பீடு விற்பவன்.
ஆறு வாரமாக இருவரும் பேசிக்கொண்டதெல்லாம்
என் கையிலிருந்த எழுபத்திரண்டு பக்கம்தான்.

நான்காம் காட்சி. அவள் சொல்ல வேண்டியது:
‘உன்னை வெறுக்க எனக்கு நேரம் போதவில்லை.’
அப்போது பார்த்து வந்தது விமானம்.
அவள் உறையவில்லை.
உதடு அசைந்தது. துப்பட்டா பறந்தது.
ஒரு சொல் விழவில்லை யார் காதிலும்.

‘கேக்கல! இன்னொருக்கா!’
பஜ்ஜிக்காரர் கரண்டியோடு எழுந்து நின்றார்.
அவள் என் புதரைப் பார்த்தாள்.
டார்ச்சை எடுத்துவிட்டு வரியைக் கிசுகிசுத்தேன்.
அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

‘மழை வந்தா ஒத்திகை இருக்காதேன்னு
சித்திரை முழுக்கப் பயந்துட்டே இருந்தேன்’ என்றாள்.

சென்னையில், சித்திரையில், மழை!
கூட்டம் சிரித்து உருண்டது.
பக்கம் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது,
முன்னும் பின்னும் புரட்டினேன்.
எங்கேயும் இல்லை அந்த வாக்கியம்.

தணிகைவேல் சிரிக்கவில்லை.
அவன் அடுத்துச் சொல்ல வேண்டியது ‘பொய்’.
ஒரே சொல். அதையும் தொலைத்துவிட்டு
இப்போது அவனும் என்னைப் பார்த்தான்.
அதற்குத்தானே அங்கே இருந்தேன்.
டார்ச்சை அணைத்தேன்.

கடற்காற்று அப்போதுதான் வந்து சேர்ந்தது.
பிரதியில் நான்கு தாள் பறந்துபோயின.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போட்டோம்.
நான்காம் காட்சியில் விமானம் எதுவும் வரவில்லை.
எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே
பிசகாமல், கணீரென்று சொன்னாள்.
தணிகைவேல் மட்டும்
‘பொய்’ சொல்வதற்கு முன்னால்
ஒரு நொடி வானத்தைப் பார்த்தான்.